பவுலின் எடுத்த படிப்பு

நர்சிங்கே போடுங்கள் அக்கா. நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். பெண் பிள்ளை, பயாலஜி குரூப், மார்க்கும் பரவாயில்லை என்கிறீர்கள். அப்புறம் என்ன யோசனை? யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். நர்சிங் போடுங்கள்.

காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறீர்களா? இந்தப் பையைக் கீழே வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் கைக்கு எட்டாது. தெர்மாமீட்டர், காய்ச்சல் சிரப், துடைக்கிற துணி, தண்ணீர் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆமாம், என் பையன்தான். ஜெர்வின். ஒன்றரை வயசு தாண்டிவிட்டது. மடியில் ஏறியதுமே தூங்கிவிட்டான் பாருங்கள், பஸ் இத்தனை ஆட்டம் ஆடியும். சமத்து. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேனே என்று பார்க்கிறீர்கள். அது ஒரு பழக்கம். சூடு ஒன்றும் இல்லை.

நானும் திருச்சி வரைக்கும்தான். என் நாத்தனார் பவுலின் அங்கே படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்விதான், நர்சிங்கா வேறு ஏதாவதா என்று, அது எங்கள் வீட்டில் போன வருசம் முழுக்க ஓடியது. ஓடி என்ன? அவள் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. இப்போது எனக்கு எதுவுமே பெரிதாக வருவதில்லை, கோபமும் சரி, அழுகையும் சரி. சும்மா சொல்கிறேன், உங்களுக்கும் உதவும், பஸ்சும் போகட்டும்.

எங்களுக்குத் திண்டுக்கல். வீட்டுக்காரர் ஜெரால்டு, நூல் மில்லில் சூப்பர்வைசர். மாமனாரும் அதே மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அதனால் பவுலினுக்கு அம்மா என்றாலும் நான்தான், அக்கா என்றாலும் நான்தான். ஸ்கூலுக்குத் தலைபின்னி விட்டது நான். அவள் என்னை மதினி மதினி என்று சுற்றிச் சுற்றி வருவாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளுக்குக் கெட்டது நினைப்பேனா?

மில் வீட்டுக்குள் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். வந்தால் சிரிப்பீர்கள். யாரும் முதல் தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். டிவி தெருமுனை வரைக்கும் கேட்கும். மில்லுக்குள் மிஷின் ஓடும்போது வாயால் பேசி ஆகாது இல்லையா, அங்கே எல்லாம் கைதான். இரண்டு விரலை உதட்டில் தட்டினால் டீ. கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் மேஸ்திரி வருகிறார். உள்ளங்கையைக் காதில் வைத்து எடுத்து விரித்தால், கேட்கவில்லை, கிட்டே வா. மாமாவும் வீட்டுக்காரரும் சாப்பிடும்போது வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். சோறு போதும், ரசம் ஊற்று, எல்லாம் கைதான். கான்வென்டில் படித்துவிட்டு வந்த எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. டேபிளில் பேசாமல் சாப்பிடு என்று சிஸ்டர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தது இதற்குத்தானோ என்று நினைத்துக்கொள்வேன்.

பையனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. உதட்டில் இரண்டு விரல் தட்டினால் பால் என்று அவனுக்குத் தெரியும். துள்ளுவான். மாமாவுக்குப் பெருமை தாங்காது. "பாத்தியா ஜெசி, கைய அசைக்கறதுக்குள்ள புடிச்சுக்கறான். இப்பவே கொண்டு போய் மில்லுல விடலாம், ஸ்பின்னிங்க தனியாப் பாத்துக்குவான்" என்பார். ஜெசி நான்தான். ஜெசிந்தா.

எங்கே விட்டேன்? ஆமாம், பவுலின்.

அவள் ப்ளஸ் டூ பரீட்சை முடித்து வீட்டில் இருந்த சமயம். பையனுக்கு அப்போது இன்னும் நடை வரவில்லை, தவழ்ந்துகொண்டிருந்தான். காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மத்தியானம் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. கண் மேலே போய்விட்டது. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிட்டது அக்கா. கத்தக்கூட இல்லை. ஸ்பூனை எடுத்து வாயில் வைக்கப் போனேன். பவுலின்தான் என் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். "வாயில எதுவும் வைக்காதீங்க மதினி, ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். ஸ்கூலில் ரெட் கிராஸ் கேம்ப்பில் சொல்லித் தந்தார்களாம்.

மூளைக் காய்ச்சல். ஐ.சி.யு.வில் வைத்துவிட்டார்கள். அந்த வாசலில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன், எந்த மணியில் இருக்கிறேன் என்று ஒரு தடவைகூடத் தெரியவில்லை. கடைசியில் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். டாக்டர் என்னென்னவோ சொன்னார். கண்ணைப் பார்க்க வேண்டும், காதைப் பார்க்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் கூட்டி வாருங்கள், அது இது என்று. பவுலின்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வருகிறதா, வருகிறது. அது போதும் எனக்கு. இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன், பவுலின் நர்சிங்தான். யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு நர்ஸ் இருந்தால் எப்படி இருக்கும்! நான் சமைக்கும்போது அவள் பிள்ளையைப் பார்ப்பாள். நான் குளிக்கும்போது அவள் பார்ப்பாள். நான் தனியாக அவனோடு இருக்க வேண்டிய நேரமே வராது. அவளுக்கும் நல்ல படிப்பு, நல்ல எதிர்காலம். வெளிநாடு வேண்டுமானாலும் போகலாம், பிற்பாடு, பிள்ளை வளர்ந்த பிறகு. எல்லாம் அவளுக்காகத்தான் யோசித்தேன்.

இடமும் தேட வேண்டியதில்லை. எங்கள் ஸ்கூல் சிஸ்டர்களே திண்டுக்கல்லில் நர்சிங் காலேஜ் நடத்துகிறார்கள். அங்கே பிரின்சிபால் சிஸ்டர் ஹெர்மினா எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பயாலஜி எடுத்தவர்கள். போய் நின்றேன். "உன் நாத்தனாருக்கு இல்லாத சீட்டா ஜெசிந்தா? போயி நிம்மதியா இரு" என்றார்கள். அங்கே எல்லாரும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், அதுதான் விதி. "சிஸ்டர், அவ மட்டும் வீட்ல இருந்து வரட்டும், பிள்ளைக்கு முடியல" என்று கேட்டேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்து, "படிக்கப் போறது அவளா, நீயா?" என்றார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தான், எதையாவது கேட்பார்கள். அப்புறம் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

பவுலினா? சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரசு கவுன்சிலிங்குக்கும் சும்மா ஒரு அப்ளிகேசன் போட்டு வைக்கிறேன் என்றாள். போடட்டுமே, என்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

அதில் எத்தனை படிப்பு தெரியுமா? உங்கள் பெண்ணும் பார்த்துக் குழம்பத்தான் போகிறாள். தினமும் சாயங்காலம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், மாமா ஒவ்வொன்றாக அடிப்பார்.

"பிசியோதெரபிப்பா."

"ஊரான் கால அமுக்கிவிடறதுக்கா உன்ன வளத்தேன்? எங்காலு வலிக்குது, அத முதல்ல அமுக்கு."

"லேப் டெக்னீசியன்?"

"விடிஞ்சா போதும், ஊரு மூத்திரத்த வாங்கி வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கணும். வேணாம்."

"அப்ப பார்மசி?"

"டாக்டர் எழுதறது உனக்குப் புரியுமா? நீ எழுதறதே எனக்குப் புரியல."

நான் அடுப்படியில் இருந்து, "எதுக்கு மாமா வீண் பேச்சு, நர்சிங்தான் முடிவாயிருச்சே" என்று கத்துவேன். "என்னது?" என்பார் அவர். "நர்சிங்!" என்று இன்னும் சத்தமாகக் கத்துவேன். இத்தனை சத்தத்திலும் பையன் அவர் மடியிலேயே தூங்கிக்கொண்டிருப்பான். நான் சொன்னேனே, சமத்து என்று.

அந்தச் சமயத்தில்தான் பவுலின் ஒரு மாதிரியாக நடந்துகொள்ள ஆரம்பித்தாள். பையன் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பான். அவள் சத்தமில்லாமல் அவன் பின்னால் போய் நிற்பாள். கையில் டம்ளரும் கரண்டியும். டங் என்று ஒரு தட்டு. அவன் பாட்டுக்கு விளையாடுவான். இன்னொரு தட்டு. நான் பார்த்துவிட்டு, "என்னடி பண்ற? பிள்ளை பயந்துக்கப் போறான்" என்றேன்.

"அவன் பயப்படல மதினி."

"விளையாட்டுல கவனமா இருக்கான். நீ உன் வேலையப் பாரு."

இன்னொரு நாள் பூட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். இன்னொரு நாள் அவன் பேரைச் சொல்லி மெதுவாக, அப்புறம் சத்தமாகக் கூப்பிட்டாள். நான் வந்தால் நிறுத்திவிடுவாள். ஒரு தடவை, "மதினி, முன்னாடி த்தா த்தானு ஏதாவது சொல்லிட்டே இருப்பான்ல, இப்பச் சொல்றானா?" என்று கேட்டாள். ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும். அதுவும் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை. இதெல்லாம் பதினேழு வயசுப் பெண்ணுக்கு என்ன தெரியும்? என் கண்ணுக்கு அவனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. நான் ஸ்கூலில் கற்றுக்கொண்ட ஆக்‌ஷன் சாங் எல்லாம் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். நான் கையைக் காட்டினால் அவனும் அப்படியே காட்டுவான், ஒன்றுவிடாமல். புத்தி இல்லாமலா காட்டுகிறான்?

முதல் பிறந்தநாள் வைத்தோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். கேக் வெட்டும்போது பெரிய பலூன் ஒன்று, உள்ளே மிட்டாய் போட்டது, அவன் தலைக்கு மேலேயே வெடித்தது. எல்லாப் பிள்ளைகளும் வீல் என்று அழுதன. இவன் மட்டும் விரலில் ஒட்டின கிரீமை நக்கிக்கொண்டிருந்தான். "தைரியசாலிடா, தாத்தா மாதிரி" என்று எல்லாரும் சிரித்தார்கள். பவுலின் சிரிக்கவில்லை. பலூனைப் பார்க்கவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போனவள் சாப்பிட வரவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் கவுன்சிலிங் முடிவு வந்தது. திருச்சியில் சீட். என்ன படிப்பு என்று கேட்டேன். காது சம்பந்தமாம். செவித்திறன், பேச்சுப் பயிற்சி என்று ஏதோ பேர் சொன்னாள். நாலு வருசம். ஹாஸ்டல்.

நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார்.

"காதுக் குறும்பி எடுக்கறதுக்கு நாலு வருசமா? நம்ம மார்க்கெட்டுல ஒருத்தன் அஞ்சு நிமிசத்துல எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டுவான்."

"உங்களுக்குத்தாம்ப்பா முதல் டெஸ்ட்."

"என்னது?"

"உங்களுக்குத்தான்னேன்!"

"அதுக்கென்ன, கேக்காம இருக்கறவரைக்கும் நிம்மதி" என்றார் மாமா.

வீட்டுக்காரர் மட்டும், "அவ இஷ்டம். விடு ஜெசி" என்றார். அவருக்கு என்ன, ஷிப்டுக்குப் போய்விடுவார். எனக்குத்தானே கஷ்டம். சிஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பேன்? அதைவிட, காலையில் இவர் போன பிறகு, மாமா டீக்கடைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். இழுப்பு வந்தால்? நான் மறுபடி ஸ்பூனைத்தானே எடுப்பேன்.

"ஏண்டி, ஒரு பிள்ளை உயிரக் காப்பாத்தின கை உன் கை. நர்சிங் படின்னா காதைப் பாக்கப் போறேங்கற. ஊர்ல எத்தன செவிடு இருக்குன்னு இந்தப் படிப்பு?"

"ஊருக்காக இல்ல மதினி."

"பின்ன யாருக்கு? உங்கப்பாவுக்கா?"

"அப்பாவுக்கு வயசாயிருச்சு. மதினி, டாக்டர் ஒரு மாசத்துக்குள்ள டெஸ்டுக்கு வரச் சொன்னாரு. நான் எத்தன தடவ ஞாபகப்படுத்தினேன்? மறுபடி அந்த வாசலுக்கு வரமாட்டேன்னீங்க. அண்ணங்கிட்டச் சொன்னேன், அண்ணன் உங்களக் கேளுங்குது. நம்ம ஜெர்வினுக்குக்..."

அவள் வாயைப் பொத்திவிட்டேன். அடிக்கவில்லை அக்கா, பொத்தினேன், அவ்வளவுதான். சில வார்த்தையைச் சொன்னால் ஒட்டிக்கொண்டுவிடும். எனக்கு இருக்கிற ஒரு பயத்தைத் தூக்கவே கை போதவில்லை, இரண்டாவதை எங்கே வைப்பேன்?

அவள் என் கையை எடுத்துவிடவில்லை. கண்ணில் இருந்து தண்ணீர் என் விரல் மேலே இறங்குகிறது. தன் கையைத் தூக்கினாள். உள்ளங்கையைக் காதில் வைத்தாள், எடுத்து விரித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் காட்டினாள். மறுபடி காதில் வைத்தாள், விரித்தாள்.

எனக்கு மில் சைகை அவ்வளவாகத் தெரியாது. நான் அந்த வீட்டுக்கு வந்தவள்தானே.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல் வரைக்கும் போனார், செருப்பைப் போடாமலே தெருவில் இறங்கிப் போய்விட்டார். அன்றையில் இருந்து மாமா பிள்ளையிடம் கை காட்டுவதையே விட்டுவிட்டார். வாயால்தான் கூப்பிடுகிறார். அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஜெர்வின், ஜெர்வின், தாத்தா பாரு, ஜெர்வின் என்று, சாயங்காலம் முழுக்க. தொண்டை கட்டிப்போகிற வரைக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். வயசானால் அப்படித்தான், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

பவுலின் போய்விட்டாள். பெட்டியைக் கட்டும்போது நான் உதவி செய்யவில்லை. அவளாகவே வந்து கும்பிட்டு நின்றாள், நெற்றியில் சிலுவை போட்டேன். அது செய்யாமல் இருக்க முடியாது. அவள் பையனைத் தூக்கி மடியில் எதிரெதிரே உட்கார வைத்துக்கொண்டு, தன் வாயை அவன் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, "அத்தை வருவேன். அத்தை படிச்சுட்டு வருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் உதட்டைப் பிடித்து இழுத்தான்.

மணப்பாறையா? ஆமாம், முறுக்குக்காரன் ஏறிவிட்டான். வேண்டாம் தம்பி, வேண்டாம். பாருங்கள், இவன் காதுக்கு மேலேயே நின்று முறுக்கே முறுக்கே என்று கத்துகிறான். எனக்கே தூக்கிப் போட்டது, நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள். பிள்ளை அசைந்தானா? எங்கள் தெருவில் மற்ற தாய்மார் எல்லாம் தீபாவளிக்குப் பிள்ளையைப் போர்வைக்குள் சுற்றிக்கொண்டு திண்டாடுவார்கள். நான் ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? சூடு இல்லை, இப்போதுதான் பார்த்தேன்.

இத்தனையும் எதற்குச் சொன்னேன் என்றால், பெண் பிள்ளைகள் ஒரு முடிவு எடுத்தால் வீட்டைப் பற்றி நினைப்பதில்லை. அவள் போன பிறகு நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? குளிக்கிறபோது கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, பிள்ளையை வாசல்படியில் உட்கார வைத்துக்கொண்டு குளிக்கிறேன். முகத்துக்குச் சோப்புப் போட்டதே இல்லை, கண்ணை மூட வேண்டி வரும் என்று. ஒரு நர்ஸ் வீட்டில் இருந்திருந்தால் எனக்கு இது உண்டா?

தினமும் வீடியோ காலில் வருவாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். போன் மணி அடித்தால் அவன் பாட்டுக்கு இருப்பான். திரையில் அவள் முகம் தெரிந்தால்தான் குதிப்பான். அவள் உதட்டில் இரண்டு விரல் தட்டுவாள், பால் குடித்தாயா என்று. அவனும் தட்டுவான். இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், கை வலிக்கும் வரைக்கும்.

போன வாரம் சொன்னாள். "மதினி, எங்க மேடம் ஒரு சின்னப் பிள்ளையைப் பாக்கணும்ங்கறாங்க. வகுப்புக்கு. ஜெர்வினக் கூட்டிட்டு வர்றீங்களா? ஒண்ணும் பண்ண மாட்டாங்க. தூங்க வச்சு தலையில சின்ன ஒயர் ஒட்டிப் பாப்பாங்க. வலிக்காது."

வகுப்புக்குத்தானே. மற்ற பிள்ளைகளுக்கு மாதிரி காட்டுவதற்கு. அவளுக்கு அதில் மார்க் இருக்கும்போல. அதனால்தான் சரி என்றேன். வீட்டுக்காரருக்கு ஷிப்ட், வர முடியவில்லை. மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "பவுலின் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு வா தாயி" என்றார். கத்தவில்லை. மாமா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

முழித்துவிட்டான். பாருங்கள், முழித்ததும் சிரிப்பு. உங்கள் வளையலைப் பிடிக்க வருகிறான். பிடிக்கட்டும், உடைக்க மாட்டான். ஜன்னல் பக்கம் காட்டினால் போதும், இனி திருச்சி வரைக்கும் லாரி, மாடு, மரம் என்று அவனுக்குப் பொழுது போய்விடும்.

கூப்பிட வேண்டாம் அக்கா. அவன் வேடிக்கை பார்க்கிறான்.

இல்லை, பேர் சரியாகத்தான் சொன்னீர்கள். ஜெர்வின்தான். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதனால் பழக்கமில்லை. எப்போதிருந்து என்று கேட்டால்... ஞாபகம் இல்லை. தோளைத் தொட்டால் போதும், உடனே திரும்புவான். தரையில் இருந்தால் காலால் தரையை ஒரு தட்டு, அதுவும் தெரியும் அவனுக்கு. எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. தொட்டுப் பாருங்கள். பார்த்தீர்களா, திரும்பினான்.

உங்கள் பெண்ணுக்கு நர்சிங்தான் நல்லது. நான் சொன்னதை மறக்காதீர்கள். அவள் வேறு ஏதாவது கேட்டால்... ஏன் கேட்கிறாய் என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். கேட்டுவிட்டு வாயைப் பொத்திவிட்டேன்.

திருச்சி வந்துவிட்டது போலிருக்கிறது. ஆமாம், பஸ் ஸ்டாண்டு. அதோ நிற்கிறாள் பாருங்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இளைத்துப் போயிருக்கிறாள். எத்தனை பஸ், எத்தனை ஹாரன், இந்தச் சத்தத்தில் அவள் கத்திக் கூப்பிட்டாலும் நமக்குக் கேட்காது. அவள் கத்தவில்லை. கையைத் தூக்கிவிட்டாள். உதட்டில் இரண்டு விரல். பாருங்கள், பாருங்கள், எத்தனை தூரத்தில் இருந்து கண்டுபிடித்துவிட்டான்! எப்படித் துள்ளுகிறான், என்னால் பிடிக்க முடியவில்லை.

அக்கா, ஒரு உதவி செய்கிறீர்களா? எல்லாரும் இறங்கட்டும், நாம் கடைசியில் இறங்கலாம். நீங்கள் இவன் பின்னால், அந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். தொடாதீர்கள். ஒரே ஒரு தடவை, சத்தமாக, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். என்னால் முடியவில்லை. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

ம். கூப்பிடுங்கள்.

இன்னும் ஒரு தடவை.

சரி அக்கா. போதும். ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், பவுலின் காத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மேடம் எத்தனை மணி வரைக்கும் இருப்பார்களோ தெரியவில்லை.